மாடி அறையில் ஓர் அச்சுப் பட்டறை: ஊரில் சொந்தமாக ஒரு கலைக்கூடம் தொடங்க நினைப்பவர்களுக்கு

எங்கள் பட்டறைக்குக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் மாதத்துக்கு ஒருவராவது, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்: "நானும் எங்க ஊர்ல இப்படி ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேனுங்க. மொதல்ல என்ன வாங்கோணும்?" இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள், ஒரு நோட்டில் வாடகையை எழுதுங்கள் என்பேன். ஆசையோடு கேட்டவர் முகம் சற்று வாடிவிடும். வாசலில் நின்றபடி அதற்கு மேல் விளக்க முடிந்ததில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நடத்துவது ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை. மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி (மெஷ்) வழியாக மையை இறக்கி அச்சடிக்கிற வேலை; அந்தச் சட்டத்தைத்தான் ஸ்கிரீன் என்போம். ஈரோட்டில் முந்நூறு சதுர அடி மாடி அறை. வாரநாளில் தாம்பூலப் பை, கடைப் பை, அழைப்பிதழ் அச்சாகும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும்; பள்ளிப் பிள்ளையும் வரலாம், ரிட்டையர்டு ஆனவரும் வரலாம், தான் வரைந்ததைத் தானே அச்சடித்து எடுத்துப் போகலாம். நீங்கள் மண்பாண்டம் வனைகிறவராக இருக்கலாம், புத்தகம் பைண்டிங் செய்கிறவராக இருக்கலாம். கருவி மாறும், கணக்கு ஏறத்தாழ இதேதான்.

நம் ஊர்களில் டியூஷன் சென்டர் தெருவுக்குத் தெரு இருக்கிறது. கையால் ஒன்றைச் செய்து பார்க்க, செய்ததைக் கெடுத்துப் பார்க்க ஓர் இடம் இல்லை. நன்றாக வரைகிற பிள்ளை, பிளஸ் டூ முடிந்ததும் அதை மறந்துவிடுகிறது. அதனால் இப்படி ஒரு கூடம் தொடங்க வேண்டும் என்று யார் வந்து நின்றாலும் எனக்கு அவர்மேல் அன்பு வந்துவிடும். ஆறாவது மாதத்தில் அவர் ஷட்டரை இறக்கிவிடக் கூடாதே என்ற கவலையும் கூடவே வரும்.

வயிற்றுக்கான வேலையும் மனசுக்கான வேலையும்

"பை அச்சடிக்கிறதெல்லாம் கலையாங்க?" என்று கேட்பவர்களுக்குச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சொல்வேன். சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? பத்திக் துணியும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். ஒரு பக்கம் கைவினை, மறு பக்கம் ஓவியம். கைவினையில் வந்த காசுதான் ஓவியத்துக்குக் கூரை போட்டது.

அச்சிலேயே ஓர் உதாரணம் வேண்டுமென்றால் 1994இல் சென்னையில் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ் பதிப்பகம் இருக்கிறது. கோண்டு பழங்குடி ஓவியர்கள் போன்றோரின் படங்களைக் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து, கையாலேயே தைத்து, ஒவ்வொரு பிரதிக்கும் எண் போட்டு வெளியிடுகிறார்கள். அவை உலகமெங்கும் போகின்றன. அங்கே பயன்படுவதும் நம் ஊரில் மஞ்சள் பைக்குப் பயன்படும் அதே மரச் சட்டம், மையை இழுக்கிற அதே ரப்பர்ப் பட்டைதான் (ஸ்குவீஜி).

ஆகவே முதல் நாளிலிருந்தே இரண்டு வேலையையும் ஒரே அறையில் வையுங்கள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதற்குப் பிறகு வரலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தப் பிறகு வருவதில்லை. ஆர்டருக்குப் பின்னால் ஓடி, சொந்தமாக ஒரு படம்கூட அடிக்காமல் பத்து வருடம் கழித்த நண்பர்களை எனக்குத் தெரியும். ஆர்டரே வேண்டாம் என்று தொடங்கி, நாலாவது மாதம் அட்வான்ஸில் வாடகையைக் கழித்தவர்களையும் தெரியும்.

நோட்டில் எழுத வேண்டிய கணக்கு

கணக்கைப் புரியவைக்க ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்; உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை 6,000. கரண்ட் 1,000. போன், பெட்ரோல், பார்சல் 1,500. சட்டத்துக்கு மெஷ் மாற்ற, சுத்தம் செய்ய 1,500. ஆக 10,000. இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் சம்பளத்தையும் ஒரு செலவாக எழுதுங்கள். குறைந்தது 15,000 என்று வைத்தால் மாதம் 25,000 வந்தாக வேண்டும்.

தைத்த பை ஒன்று 22 ரூபாய், மையும் ஸ்கிரீன் செலவும் சேர்த்து 4, விற்பது 38 என்றால் கையில் நிற்பது 12. இருபத்தைந்தாயிரத்தை பன்னிரண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 2,084 பை. ஒரு கல்யாணத்துக்கு இருநூறு பை என்று பார்த்தாலும் மாதம் பத்துக் கல்யாணத்துக்கு மேல். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது கிடைக்காது.

இப்போது மாதம் இரண்டு பயிற்சி வகுப்பைச் சேருங்கள். ஒரு வகுப்புக்கு எட்டுப் பேர், ஆளுக்கு 750. பொருள் செலவு ஆளுக்கு 150 போக 4,800 நிற்கும். இரண்டு வகுப்புக்கு 9,600. மீதி 15,400க்கு 1,284 பை போதும். எண்ணூறு பை குறைந்துவிட்டது. ஊருக்குச் செய்கிற சேவையாக மட்டும் திறந்த கதவை நினைக்க வேண்டாம். அந்த வழியாக வருகிறவர்கள்தான் பிறகு வகுப்பில் சேர்ந்து வாடகையில் பங்கு கட்டுகிறார்கள்.

விலை சொல்லும்போது நிறத்துக்கு நிறம் தனியாகச் சொல்லுங்கள். இரண்டு நிறம் என்றால் இரண்டு ஸ்கிரீன், இரண்டு முறை இழுப்பு, நடுவில் காயவைப்பு. புதியவர்கள் நஷ்டப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அறை பார்க்கப் போகும்போது

சுவர் நிறத்தையும் வாசல் அழகையும் விட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். ஸ்கிரீன் கழுவ வேண்டும், தினமும் கழுவ வேண்டும். குழாய் எங்கே, கழிவு நீர் எங்கே போகிறது, கோடையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று கேளுங்கள். ஜன்னல் இல்லாத ஒரு மூலையோ சின்னத் தடுப்போ இருந்தால் ஸ்கிரீன் காயவைக்க இருட்டறையாகும். மாடிப்படி குறுகலாக இருந்தால் மூன்றடிச் சட்டம் திரும்பாது. டேப்பைக் கையில் கொண்டுபோங்கள். பெண்களும் குழந்தைகளும் வந்து மூன்று மணி நேரம் இருக்கப் போகிற இடம் என்பதால், தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற ஒரு கழிப்பறை வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மின் இணைப்பு எந்த வகை என்று பாருங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் அபராதம் வரும். கடை இணைப்பாக மாற்றித் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதியவும் சொல்கிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டைக்குப் போகாமல், "பத்துக்குப் பதிலா நாலு மாசம் வெச்சுக்கலாங்களா, ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி இடங்களில் இறங்கி வருவார்கள். மிச்சமாகும் ஒவ்வொரு மாத வாடகையும் உங்களுக்கு ஒரு மாத மூச்சு.

பதிவுகள்

இதற்கு அதிகம் பயப்பட வேண்டாம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு மத்திய அரசின் இணையதளத்தில் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. அந்தச் சான்றிதழ் இருந்தால் வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் திறப்பதும் கடன் கேட்பதும் எளிது.

ஜி.எஸ்.டி. பதிவு, ஆண்டு விற்றுமுதல், பொருள் மட்டும் விற்றால் 40 லட்சம், சேவையும் செய்தால் 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாகக் கட்டாயமில்லை. வாடிக்கையாளர் கொண்டுவந்த துணியில் அச்சு மட்டும் போட்டுத் தந்தால் அது சேவைக் கணக்கு. வெளிமாநிலத்துக்கு விற்கப்போகிறீர்கள் என்றால் விதி வேறு. ஓர் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

முதல் ஆறு மாதம் கடன் இல்லாமல் நடத்திப் பார்க்க முடிந்தால் பாருங்கள். அதன்பின் தேவைப்பட்டால் முத்ரா திட்டத்தின் சிஷு பிரிவில் 50,000 வரை கேட்கலாம். அதற்கு மேல் என்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். படித்த வேலையற்றோருக்கான மானியக் கடன் திட்டங்களை அங்கே விளக்குவார்கள். ஆறு மாதக் கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் உட்காருவதும் வெறும் யோசனையோடு உட்காருவதும் ஒன்றல்ல.

வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

மேசை ஒன்று, ஆடக் கூடாது. மரச் சட்டம் நாலு. ஸ்குவீஜி இரண்டு. சட்டத்தைத் தூக்கி இறக்க இரண்டு கீல் கிளாம்ப். வெளிச்சம் பட்டால் இறுகுகிற பூச்சான எமல்ஷன் ஒரு டப்பா, அதைப் பூசுகிற தகரத் தொட்டி ஒன்று. எமல்ஷன் மேல் வெளிச்சம் பாய்ச்ச (எக்ஸ்போஸ் செய்ய) யு.வி. விளக்கு, மேலே வைக்கக் கனமான கண்ணாடி. காயப்போடக் கயிறும் கிளிப்பும். தொடங்க இவ்வளவே போதும். ஆறு கை வைத்த சுழல் மெஷினைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு நிற வேலைக்கு ஒருவர் இழுக்க, ஒருவர் எடுத்துப் போட, சாதாரண மேசையிலேயே மணிக்கு நூறு பை போகும்.

மெஷ் வாங்கும்போது இழைக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். துணிக்கு ஒரு சென்டிமீட்டருக்கு 43 முதல் 55 இழை, தாளுக்கு 90 முதல் 120. துணி மெஷ்ஷில் தாளை அடித்தால் மை வழியும்; தாள் மெஷ்ஷில் காடாத் துணியை அடித்தால் எழுத்து வெளுத்துக் கிடக்கும்.

பழைய பட்டறைகளில் எமல்ஷனோடு ஆரஞ்சு நிறப் பைக்ரோமேட் பொடியைக் கலப்பார்கள். விலை குறைவு, வேலையும் நன்றாக நடக்கும். ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நச்சுப் பொருள். குழந்தைகள் வருகிற இடத்தில் அதை வைக்கவே வேண்டாம். டயஸோ எமல்ஷனோ, கலக்கத் தேவையில்லாத ரெடிமேட் எமல்ஷனோ வாங்குங்கள். மையும் அப்படித்தான்: தண்ணீரில் கழுவக்கூடிய பிக்மென்ட் மை போதும், மண்ணெண்ணெய் வாடை அடிக்கிற மை வேண்டாம்.

ஈரோட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி, காடாத் துணி கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. வாங்கிய காடாவில் கஞ்சி இருக்கும். அதன் மேல் நேரே அடித்தால் மை உள்ளே இறங்காமல் மேலாக நின்று, இரண்டாம் சலவையில் உதிரும். நனைத்து, அலசி, காயவைத்து, பிறகு தைக்கக் கொடுங்கள். துணி சுருங்குவதும் அப்போதே முடிந்துவிடும்.

முதல் ஸ்கிரீன்

மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் எமல்ஷனை மெல்லிய படலமாகப் பூசி, இருட்டில் காயவையுங்கள். படம் கருப்பாக அச்சான, ஒளி ஊடுருவும் ஃபிலிமை அதன் மேல் வைத்து, கண்ணாடியை அழுத்தி, விளக்கைப் போடுங்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும். கருப்பு மறைத்த இடம் இளகியே இருந்து, தண்ணீர் பட்டதும் கரைந்து திறக்கும். அந்தத் திறப்பு வழியாகத்தான் மை இறங்குகிறது. நம் படம் தண்ணீரில் மெல்லத் தெளிந்து வருகிற அந்த நிமிடத்தை, வகுப்புக்கு வருகிற யாரும் மறப்பதில்லை.

எத்தனை நிமிடம் விளக்குப் போடுவது என்று யாரையும் கேட்காதீர்கள். விளக்கு, தூரம், எமல்ஷன் மூன்றும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு ஸ்கிரீனை இதற்கென்றே ஒதுக்கி, எழுத்துள்ள ஃபிலிமை வைத்து, அட்டையால் மூடி, விளக்கைப் போட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையை இரண்டு விரல் நகர்த்துங்கள். கழுவிப் பார்த்தால் ஒரு பட்டையில் எழுத்து துல்லியமாக நிற்கும். அந்த நேரத்தைச் சுவரில் எழுதி வைத்துவிடுங்கள்.

இங்கே தமிழ் எழுத்துக்கென்று ஓர் எச்சரிக்கை. நேரம் கூடிப்போனால் நுண்ணிய இடங்கள் அடைபடும். முதலில் காணாமல் போவது புள்ளி. நாங்கள் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு கல்யாணத்துக்கு முந்நூறு பை அடித்தோம். மணமகள் பெயர் செல்வி. லகரத்தின் மேல் புள்ளி இறங்கவில்லை. முந்நூறு பையிலும் 'செலவி' என்று நின்றது. மறுநாள் பையை எடுக்க வந்த பெண்ணின் அப்பா ஒரு பையை விரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. புதுத் துணி வாங்கி, இரண்டு இரவு விழித்து, முகூர்த்தத்துக்கு முதல் நாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்றிலிருந்து முதல் பிரதியை வெளிச்சத்தில் பிடித்து, புள்ளிகளை விரலால் தொட்டு எண்ணாமல் இரண்டாவது இழுப்பு கிடையாது. தாளில் அடித்த மாதிரியை வாடிக்கையாளரிடம் காட்டி, எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லி, கையெழுத்தும் வாங்குகிறோம்.

எழுத்துருவில் கவனமாக இருந்தால் இந்த ஆபத்து பாதி குறையும். ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அகலமாகத் திறந்திருக்கும் எழுத்துருவாகப் பாருங்கள். இல்லாவிட்டால் துணியில் மை பரவிச் சுழி அடைபட்டுவிடும். முக்த மலர், கட்டமரான், பலூ தம்பி, நோட்டோ தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை, தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். புள்ளி பொடியாக இருந்தால் கணினியிலேயே சற்றுப் பெரிதாக்கிவிடுங்கள்.

இழுக்கும்போது ஸ்குவீஜியைச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக, ஒரே இழுப்பு. பங்குனி, சித்திரை வெயிலில் மை மெஷ்ஷிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். மின்விசிறிக் காற்று நேரே படாமல் பாருங்கள், பக்கத்தில் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் இருக்கட்டும். அச்சானதும் காய்ந்தால் மட்டும் போதாது, சூடு கொடுக்க வேண்டும். பிக்மென்ட் மைக்குப் பெரும்பாலும் 150 டிகிரியில் சில நிமிடம். டப்பாவில் போட்டிருப்பதைப் படியுங்கள். மேலே ஒரு துணி போட்டு இஸ்திரிப் பெட்டியாலும் செய்யலாம். ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு பையை நீங்களே துவைத்துப் பாருங்கள்.

கழுவிய தண்ணீர்

இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு சாயக் கழிவு ஓடிய நொய்யல் ஆற்றின் நிறம் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எத்தனை குடும்பத்தில் வேலை போனது என்பதும் தெரியும். நம் பட்டறை சின்னதுதான். ஆனாலும் ஸ்கிரீனில் மிஞ்சிய மையை அட்டையால் வழித்து டப்பாவில் போடுங்கள், அடுத்துக் கழிவுத் துணியால் துடையுங்கள், கடைசியாகத்தான் தண்ணீர். அந்தத் தண்ணீரையும் வாளியில் ஒருநாள் தெளியவிட்டு, அடியில் தங்கிய வண்டலைக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். வகுப்புக்கு வருகிற பிள்ளைகளிடமும் இதைச் செய்யச் சொல்லுங்கள். அச்சடிப்பதில் இதுவும் ஒரு பகுதி என்றுதான் அவர்கள் கற்க வேண்டும்.

ஆர்டர் வரும் மாதங்கள், வராத மாதங்கள்

தை பிறந்ததும் கல்யாண வேலை வரும். ஆவணியும் ஐப்பசியும் நன்றாக இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, தாம்பூலப் பையும் இல்லை. வாடகை மட்டும் இருக்கும். இதை மார்ச்சிலேயே யோசிக்க வேண்டும். ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா நடக்கும்; மக்கள் சிந்தனைப் பேரவை பல ஆண்டுகளாக நடத்துவது. ஆடி மாதத்தில் அதற்கான துணிப்பை, புத்தக அடையாள அட்டை, கையால் அடித்த படங்கள் எல்லாம் தயாராகும். மார்கழியில் பொங்கல் வாழ்த்து அட்டையும் நாட்காட்டியும். இப்போது உங்கள் மாவட்டத்திலும் ஒரு புத்தகக் காட்சி நடக்கும். தேதியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 தொடக்கத்தில் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அதிலிருந்து மளிகைக் கடை, ஜவுளிக் கடை, நாட்டு மருந்துக் கடை என்று துணிப்பை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண ஆர்டர் ஒருமுறை வந்து போகும், கடை ஆர்டர் திரும்ப வரும். உங்கள் தெருவிலிருந்தே தொடங்குங்கள். மாதிரிப் பை ஒன்றில் அந்தக் கடையின் பெயரையே அச்சடித்து எடுத்துப்போய்க் காட்டினால், பேச்சு பாதி முடிந்த மாதிரி.

ஒன்றை மட்டும் மறுத்துப் பழகுங்கள். நடிகர் படத்தையோ இணையத்தில் எடுத்த யாரோ ஒருவரின் ஓவியத்தையோ அச்சடித்துத் தரச் சொல்வார்கள். ஓவியருக்கு நாம் இடம் கட்டிக்கொண்டு, இன்னோர் ஓவியரின் உழைப்பை அனுமதியில்லாமல் எடுப்பது நியாயமில்லை. நம் நாட்டில் படைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. வரிகள் வேண்டுமென்றால் குறளும் பாரதியும் இருக்கிறார்கள், நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் பட்டியலும் இருக்கிறது. படம் வேண்டுமென்றால் உங்கள் ஊரில் வரைகிற பிள்ளையிடம் கேளுங்கள், காசு கொடுத்துக் கேளுங்கள், அவர் பெயரையும் அச்சிடுங்கள்.

சனிக்கிழமைக் கதவு

திறந்திருக்கும் நேரத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் மாற்றாதீர்கள். எங்களுக்குச் சனிக்கிழமை இரண்டு மணி முதல் ஆறு மணி வரை. பெரிய ஆர்டர் நின்றாலும் மேசையைக் காலி செய்துவிடுவோம். பொருளுக்கான காசு மட்டும், ஐம்பது ரூபாய், பிள்ளைகளிடம் அதுவும் இல்லை. கட்டணம் வாங்கும் வகுப்பு வேறு, இது வேறு. இங்கே வந்து கை பழகியவர்தான் பிறகு வகுப்பில் சேருகிறார், அக்கா கல்யாணத்துக்குப் பை எங்கே அடிப்பது என்று வீட்டில் பேச்சு வரும்போது நம் பெயரைச் சொல்கிறார்.

முதல் சில வாரம் ஒருவரும் வராமல் போகலாம். எங்களுக்கு மூன்று வாரம் யாரும் வரவில்லை. நான்காவது வாரம் கீழ்க்கடை டைலர் அண்ணன் தன் மகளைக் கூட்டிவந்து, "சும்மா பாக்கட்டும்னு கூட்டியாந்தேனுங்க" என்றார். அவள் ஒரு மயிலை வரைந்தாள், ஆறு நிறத்தில் வேண்டும் என்றாள், ஒரு நிறத்தில் அடித்துக் காட்டியதும் அதுவே போதும் என்றாள். யாரும் வராத நேரத்தில் உங்கள் சொந்தப் படத்தை அடியுங்கள். அதற்கு வாரத்தில் கிடைக்கிற நேரமும் அதுதான்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு கயிறு கட்டி, அன்றன்று அச்சான தாளில் ஒன்றைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். அடித்தவர் பெயரும் தேதியும் கீழே பென்சிலில் இருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை அதைக் காட்ட அவர் வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். நாலு பேர் நிற்க இடம் விட்டுக் கயிற்றைக் கட்டுங்கள்.